அறிதலும் ஏற்றலும்: கிரேக்க அவலநாடகத் தலைவனும் செஞ்சி வட்டாரக் கூத்தின் கர்ணனும்

ஆய்வுச் சுருக்கம்

கிரேக்க அவலநாடகத் தலைவனின் அடையாளச் சிக்கல் பொதுவாகத் 'தன்னைத் தான் அறிதல்' என்னும் நிலையில் வைத்தே விளக்கப்படுகிறது. சோபொக்ளீசின் 'ஈடிப்பஸ் அரசன்' அதற்குத் தலையாய சான்றாகக் காட்டப்படுகிறது. இக்கட்டுரை அவ்விளக்கத்தை, செஞ்சி வட்டாரத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் நடத்தப்பெறும் 'கர்ண மோட்சம்' கூத்தோடு ஒப்பிட்டு ஆராய்கிறது. ஈடிப்பஸ் தன் பிறப்பை அறியாதவன், அறிந்ததும் வீழ்கிறான். கர்ணன் போருக்கு முன்பே தன் பிறப்பை அறிந்தவன். அது உலகோரால் ஏற்கப்படாமையே அவனது அவலம். ஆகவே அடையாளச் சிக்கலை அறிதல், ஏற்றல் என இரு கூறாகப் பகுத்துக் காணவேண்டும் என்பதும், இரண்டாம் கூற்றை விளக்கத் தொல்காப்பியர் அழுகைக்குக் கூறும் இளிவு, இழவு என்னும் நிலைக்களன்கள் பொருந்துகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அவலநாடகம், அடையாளம், ஈடிப்பஸ், அயோன், கர்ண மோட்சம், தெருக்கூத்து, இளிவு

முன்னுரை

செஞ்சிக் கோட்டையை ஆங்கிலேயர் 'கிழக்கின் டிராய்' என்று அழைத்தனர். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து நிற்கும் அதன் வலிமையே அப்பெயருக்குக் காரணம். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அதனை முற்றுகையிட்டிருந்தது என்பதை எண்ணினால் அவ்வொப்புமை மிகையாகத் தோன்றாது. ஆயினும் கிரேக்கத்தோடு செஞ்சியை ஒப்பிட மதிலைக் காட்டிலும் பொருத்தமான களம் வேறொன்று உண்டு. அக்கோட்டையைச் சூழ்ந்த ஊர்களில் கோடைக்காலத்து இரவுகளில் விடிய விடிய நிகழும் பாரதக் கூத்தே அது.

செஞ்சி என்றதும் 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்கு ராசன் நினைவுக்கு வருவது இயல்பு. அவனது முடிவும் அவலமே. எனினும் அவன் யார் மகன் என்று எவரும் வினவியதில்லை. இவ்வட்டாரத்து மக்கள் ஆண்டுதோறும் காணும் வீரர்களுள் அவ்வினாவுக்கு ஆளாகி, அதனாலேயே அழிந்தவன் கர்ணன் ஒருவனே. ஆகவே கிரேக்க நாடகம் எழுப்பும் அடையாள வினாவுக்கு இணையாக இங்கு நிறுத்தத் தக்கவன் அவனே.

இரு மரபுகளுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு உண்டெனக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கிரேக்க நாடகத்தை அளவுகோலாக வைத்துக் கூத்தை அளப்பதும் நோக்கமன்று. ஒன்றன் வெளிச்சத்தில் மற்றொன்றைக் காணும்போது, நாம் வழக்கமாகக் கையாளும் திறனாய்வுச் சொல்லொன்று போதாமல் நிற்கிறது என்பதைச் சுட்டுவதே நோக்கம்.

கர்ண மோட்சம் நிகழும் சூழல்

திரௌபதி அம்மன் வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல், 1988இல் வெளிவந்த தம் நூலின் முதற்பகுதிக்குச் 'செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை' என்னும் பொருள்படத் துணைத்தலைப்பிட்டார். செஞ்சியை அடுத்த மேலச்சேரித் திரௌபதி கோயிலை உள்ளிட்ட இவ்வட்டாரத்தை அவர் அவ்வழிபாட்டின் மையமாகக் கருதினார். இத்திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடைபெறும். பிரசங்கத்துக்கு அடிப்படை வில்லிபாரதம். வில்லிபுத்தூராரின் ஊராகக் கூறப்படும் சனியூர் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது; ஆதலின் அந்நூலும் இந்நிலப்பகுதிக்கு அயலானதன்று.

கூத்து வரிசையில் திரௌபதி திருமணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருட்டிணன் தூது, அபிமன்னன் சண்டை முதலியவற்றுக்குப் பின், பதினெட்டாம் போருக்கும் படுகளத்துக்கும் முன்னர்க் கர்ண மோட்சம் இடம்பெறும். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் இந்நாடகத்தை ஹன்னே டி புருயின் ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளார். அது 1998இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன வெளியீடாக வந்தது. மேடையேற்றத்துக்கு மேடையேற்றம் பாட்டும் வசனமும் வேறுபடினும் கதையின் அடிப்படை மாறுவதில்லை. பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுதல், சல்லியன் தேரோட்டக் களம் புகுதல், கொடை நல்கி வீழ்தல், குந்தியின் புலம்பல் என்பன அதன் கூறுகள்.

ஈடிப்பஸின் வினா

அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலில் அவலநாடகக் கதைப்பின்னலின் சிறந்த உறுப்புகளாக நிலைமாற்றத்தையும் 'அனக்னோரிசிஸ்' என்பதையும் கூறுகிறார். பின்னதைத் தமிழில் 'கண்டறிதல்', 'அடையாளங்காணல்' என்று வழங்குகிறோம். இவ்விரண்டும் ஒரே கணத்தில் நிகழ்வதால் 'ஈடிப்பஸ் அரசன்' அவரது பாராட்டைப் பெறுகிறது.

ஈடிப்பஸ் கொரிந்து நகரத்து அரசன் பாலிபஸின் மகனாக வளர்ந்தவன். விருந்தொன்றில் குடிமயக்கத்திலிருந்த ஒருவன் அவனைப் பாலிபஸின் மகனல்லன் என்று இகழ்கிறான். அவ்வொரு சொல்லே அவனை டெல்ஃபி தெய்வவாக்கை நாடச் செய்கிறது. தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்னும் வாக்கைக் கேட்டுக் கொரிந்தை விட்டு விலகி ஓடுகிறான். ஓடிய வழியிலேயே அவ்விரண்டும் நிகழ்ந்துவிடுகின்றன. தீப்ஸ் நகரின் புதிரை விடுவித்த அறிவாளியான அவனுக்குத் தன் பிறப்பே விடுவிக்கப்படாத புதிராக நிற்கிறது. அயலானாக வந்து அரசனானவன் எனத் தன்னைக் கருதுவோன், அந்நகரிலேயே பிறந்தவன் என்பதைக் கண் இழந்த டைரேசியஸ் முன்னரே அறிந்திருக்கிறார்.

இங்கு அடையாளம் என்பது அறிவு சார்ந்த சிக்கல். மறைந்து கிடக்கும் ஓர் உண்மை உண்டு. அதைத் தேடுவோனும் அவனே, தேடப்படுவோனும் அவனே. உண்மை வெளிப்பட்டதும் அதனை மறுப்பார் எவரும் இலர். ஈடிப்பஸ் லாயஸின் மகன் என்பதைத் தீப்ஸ் ஏற்குமா என்ற வினா எழவே இல்லை. ஏற்கப்பட்டுவிட்டதே அவனது அழிவு.

திரைக்குப் பின் எழும் வினா

கூத்தில் தலைமை வேடங்கள் நேரே களத்தில் தோன்றுவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின் நின்று வேடதாரி பாடுவார். கட்டியக்காரன் அவர் யார், எந்நாட்டினர், எதற்கு வந்தார் என வினவுவான். விடை கூறிய பின்னரே திரை விலகும். முடியும் புயக்கட்டையும் மார்ப்பதக்கமும் அணிந்த உருவம் யாரென்பது அவையோர் அனைவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் வினா எழுப்பப்படுகிறது. தன்னைத் தானே அவையில் அறிவித்து, அவையால் ஏற்கப்பட்ட பின்பே ஒருவர் களத்துக்கு உரியவராகிறார்.

பிற வேடங்களுக்கு இது மரபு சார்ந்த நிகழ்ச்சி மட்டுமே. கர்ணனுக்கு அவ்வாறன்று. பாரதக் கதையில் படைக்கலப் பயிற்சி அரங்கேறிய நாளில் அர்ச்சுனனை எதிர்த்து நின்ற கர்ணனிடம் கிருபன் கேட்டதும் இதே வினாதான்: உன் குலம் யாது, உன் பெற்றோர் யாவர்? அன்று அவன் தலை குனிந்தான். துரியோதனன் அங்க நாட்டுக்கு முடிசூட்டி அவனை அரசனாக்கினான். எனினும் வளர்ப்புத் தந்தையாகிய தேரோட்டி அவைக்குள் வந்ததும் இகழ்ச்சி மீண்டும் எழுந்தது. இந்த முன்கதையை அறிந்த அவையோர் முன், கட்டியக்காரனின் வழக்கமான வினா கர்ணனை நோக்கி எழுப்பப்படும்போது அதற்கு வேறொரு கனம் சேர்ந்துவிடுகிறது. அரசன் என்று விடை கூறலாம். வள்ளல் என்று கூறலாம். யாருடைய மகன் என்னும் இடம் மட்டும் வெற்றிடமாக நிற்கும்.

ஈடிப்பஸின் வெற்றிடத்தையும் இதனையும் ஒன்றெனக் கொள்ளல் பொருந்தாது. கர்ணனுக்கு விடை தெரியும். தூது வந்த கண்ணனும் பின்னர்க் குந்தியும் உரைத்துவிட்டனர். வியாச பாரதத்தில், இதனைத் தருமனிடம் கூறவேண்டா என்று கண்ணனைக் கேட்டுக்கொள்பவன் கர்ணனே. அறிந்தால் தருமன் அரசைத் தன்னிடம் தருவான், தான் அதைத் துரியோதனனுக்குத் தருவேன் என்பது அவன் கூறும் காரணம். தன்னை வளர்த்த ராதையையும் அதிரதனையும் விட்டு நீங்கவும் அவன் இசையவில்லை. தமிழ் மரபு இதனைச் 'செஞ்சோற்றுக் கடன்' என்று பெயரிட்டுப் போற்றுகிறது. ஆக, 'நான் யார்?' என்பது கர்ணனின் வினா அன்று. 'நான் யாருக்கு உரியவன், என்னை உரியவன் என்று சொல்வார் யார்?' என்பதே அவனது வினா.

யொகாஸ்டாவும் பொன்னுருவியும்

இவ்வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் இரு நாடகங்களின் மனைவியரைக் காட்டும் காட்சிகளாகும்.

சோபொக்ளீசின் நாடகத்தில் உண்மையை ஈடிப்பசுக்கு முன்னரே உணர்ந்துகொண்ட யொகாஸ்டா, மேலும் வினவாதே என்று மன்றாடுகிறாள். ஈடிப்பஸ் அதனைத் தவறாகப் புரிந்துகொள்கிறான். தான் அடிமை வயிற்றில் பிறந்தவன் எனத் தெரியவந்தால் அரசகுலத்தவளான தனக்கு இழிவு என அவள் நாணுவதாக எண்ணுகிறான். தான் எத்தகைய கீழ்ப்பிறப்பினன் ஆயினும் தன் மூலத்தை அறிந்தே தீர்வேன் என்கிறான். தன்னை ஊழின் பிள்ளை என்று பெருமிதத்தோடு கூறுகிறான். யொகாஸ்டா உள்ளே சென்று உயிர் விடுகிறாள்.

ஈடிப்பஸ் தன் மனைவிமீது ஏற்றிய பொய்க் குற்றச்சாட்டு, கூத்தில் மெய்யாகவே நிகழ்கிறது. வியாசரின் பாரதத்தில் இல்லாத பாத்திரம் பொன்னுருவி. தமிழ் நாட்டார் மரபு படைத்த அவள், கணவனைத் தேரோட்டி மகன் என்று இகழ்ந்து அண்டவிடாதவள். சாவை நோக்கிச் செல்பவன் விடைபெற வரும்போதும் அவ்விகழ்ச்சியே அவனை எதிர்கொள்கிறது. அப்போதுதான் கர்ணன் தன் பிறப்பு மறைவை அவளுக்குக் கூறுகிறான். அவள் கலங்கி மன்னிப்பு வேண்டிப் போருக்குச் செல்லவேண்டா எனத் தடுக்கிறாள். காலம் கடந்துவிட்டது.

ஈடிப்பஸ் இழிபிறப்பை அஞ்சாமல் எதிர்நோக்கினான், கிடைத்ததோ உயர்பிறப்பு. அந்த உயர்பிறப்பே அவன் குற்றமாயிற்று. கர்ணன் இழிபிறப்பாளன் என்ற பெயரை வாழ்நாள் முழுதும் சுமந்தான். அவனுக்கும் வெளிப்பட்டது உயர்பிறப்பே. அதனை அவையில் சொல்லிக்கொள்ள இயலாமையே அவன் அவலமாயிற்று.

இங்குத் திறனாய்வாளர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பொன்னுருவியின் மனமாற்றம் கர்ணனின் பண்பைக் கண்டு நிகழ்ந்ததன்று. குலத்தைக் கேட்டு நிகழ்ந்தது. கொடையும் வீரமும் இத்தனை ஆண்டுகள் செய்ய இயலாததைக் குந்தியின் பெயர் ஒரு நொடியில் செய்துவிடுகிறது. அவ்வகையில் கூத்து பிறப்பு வழி மதிப்பீட்டை மறுத்துவிட்டது என்று கூற இயலாது. அதிரதனின் மகனாகவே அவன் இருந்திருந்தால் பொன்னுருவியின் இகழ்ச்சி நியாயமாகிவிடுமா என்ற வினாவைக் கூத்து வெளிப்படையாக எழுப்பவில்லை, அவையோரிடம் விட்டுவிடுகிறது. பிறப்பால் தாழ்த்தப்படுவதன் பொருளைத் தம் வாழ்விலிருந்தே அறிந்த மக்கள் அவ்வவையில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை மறந்து இக்காட்சியை மதிப்பிடுதல் கூடாது.

பேழையும் துகிலும்

ஈடிப்பஸைக் காட்டிலும் கதையமைப்பில் கர்ணனுக்கு நெருங்கியவன் யூரிபிடீசின் 'அயோன்' நாடகத் தலைவன். அப்பல்லோ தெய்வத்தால் கருவுற்ற ஏதென்சு இளவரசி கிரியூசா, பிறந்த குழந்தையைப் பேழையில் இட்டுக் குகையில் விட்டுவிடுகிறாள். கதிரவனால் கருவுற்ற குந்தி, குழந்தையைப் பேழையில் இட்டு ஆற்றில் விடுகிறாள். அயோன் டெல்ஃபி கோயிலில் பணியாளனாக வளர்கிறான். தாய் அடிமையாக இருந்துவிடுவாளோ என அஞ்சிப் பேழையைத் திறக்கவும் தயங்குகிறான்.

அவ்வச்சத்துக்குச் சட்டம் சார்ந்த பின்னணி உண்டு. கி.மு. 451இல் பெரிக்ளீஸ் கொணர்ந்த சட்டம், தாய் தந்தை இருவரும் ஏதென்சு குடியினராயின் மட்டுமே மகனுக்குக் குடியுரிமை உண்டு என வரையறுத்தது. தாய் ஏதென்சு நகரத்தவளாக இல்லாவிடில் அந்நகரில் தான் வாய் திறந்து பேசும் உரிமையற்றவனாவேன் என்று அயோன் கவலையுறுகிறான். எனவே ஏதென்சு அரங்கிலும் பிறப்பு என்பது தத்துவ வினா மட்டுமன்று. அவையில் பேசும் உரிமையைப் பற்றிய வினாவாகும். கர்ணன் அவையில் தலைகுனிந்த காட்சியோடு இதனை இணைத்துக் காணல் தகும்.

அயோனும் கிரியூசாவும் ஒன்றுகூடும் காட்சியில், பேழைக்குள் இருக்கும் பொருள்களைப் பாராமலே கூறும்படி அயோன் கேட்கிறான். தான் இளமையில் நெய்து முடிக்காத துணியை அதிலுள்ள உருவத்தோடு அவள் விவரிக்கிறாள். வில்லிபாரதத்தில் தாய் என்று கூறிவந்த குந்தியிடம் கர்ணன் தேவர் தந்த துகிலை அளிக்கிறான். முன்னர்ப் பொய்யாகத் தாய்மை கூறி வந்த பெண்டிர் அதனை அணிந்து எரிந்தனர், குந்தி எரியவில்லை. அரிஸ்டாட்டில் பொருள்களைக் கொண்டு அடையாளங்காணும் முறையைக் கலைநயம் குறைந்ததாக மதிப்பிடுவார். ஆனால் இவ்விரு காட்சிகளிலும் துணி வெறும் சான்றுப்பொருளாக நில்லாமல் வேறொன்றைச் செய்கிறது. வழக்கமாகப் பிறப்பை மெய்ப்பிக்கும் சுமை பிள்ளையின் மீதே விழும். இங்கு அது கைவிட்டவள் மீது வைக்கப்படுகிறது. சோதிக்கப்படுவது தாய்மை.

அயோனின் தாய் உயிரோடிருக்கும் மகனை ஏற்றாள், அவன் வாழ்ந்தான். ஆயினும் அங்கும் கிரியூசாவின் கணவன் சூதஸ் உண்மை அறியாதிருக்கட்டும் என்று அதீனா தெய்வம் அறிவுரை கூறுகிறது. அவை அறியும் ஏற்பு முழுமையாக நிகழவில்லை. கர்ணனோ, தான் இறக்கும்வரை மறைவை வெளியிடாதிருக்கவும், இறக்கும்போது மடியில் ஏந்திப் பாலூட்டி மகனென உலகறியச் செய்யவும் குந்தியிடம் வரம் கேட்கிறான். அவனுக்குரிய ஏற்பு அவனது இறப்போடு பிணைக்கப்பட்டுவிட்டது.

இளிவும் இழவும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. இளிவு பிறரால் இகழப்படுதல். இழவு உயிரோ பொருளோ உறவோ இழத்தல். இறப்புக்கும் இழப்புக்கும் முன்னதாக இகழ்ச்சி வைக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது.

கர்ண மோட்சம் இளிவில் தொடங்கி இழவில் முடிகிறது. பொன்னுருவியின் இகழ்ச்சி முதலாவது. தேரோட்டி மகனுக்குத் தேரோட்டுவதா என்று சினக்கும் மன்னன் சல்லியனின் இகழ்ச்சி இரண்டாவது. தேரோட்டி குலத்தவன் என்று பழிக்கப்பட்டவனுக்கு அரசன் ஒருவன் தேரோட்டும் முரணே இளிவின் உச்சம். பின்னர்க் களத்தில் வீழ்ந்த மகனைக் குந்தி மடியில் ஏந்திப் புலம்பும்போது இளிவு முற்றாக நீங்குகிறது; அக்கணமே இழவு முழுமையாகிறது. பாண்டவர் தம் மூத்தோனைக் கொன்றுவிட்டதை அறிகின்றனர். கிரேக்க நாடகத்தில் தலைவனுக்கு நிகழும் கண்டறிதல் இங்குக் கொன்றோருக்கு நிகழ்கிறது. ஈடிப்பஸ் தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டான். கர்ணன் கதையில் அத்துயரம் அர்ச்சுனனுக்கும் தருமனுக்கும் உரியதாகிறது.

அரிஸ்டாட்டிலின் வரையறையை மீளப் படித்தால் அதற்குள்ளும் இவ்விரண்டாம் கூறுக்கு இடமுண்டு. அறியாமையிலிருந்து அறிவுக்குச் செல்வதோடு, அது நட்பையோ பகையையோ விளைவிக்கும் என்றும் அவர் கூறுகிறார். முதற்பாதியை நாம் பெரிதும் எடுத்தாண்டோம். உறவைப் பேசும் பிற்பாதியைப் போதிய அளவு கருதவில்லை. தொல்காப்பியரின் இளிவு அப்பிற்பாதியைத் திறக்கும் சொல்லாக அமைகிறது.

மோட்சம் என்னும் முடிவு

தலைப்பிலேயே 'மோட்சம்' உள்ள நாடகம் அவலநாடகமாகுமா என்ற தடை எழலாம். அந்தணனாக வந்த கண்ணனுக்குத் தன் புண்ணியம் அனைத்தையும் குருதியால் தாரை வார்த்துத் தெய்வக் காட்சி பெறும் கர்ணன் வீடுபேறு அடைகிறான் என்பது உண்மையே. ஆயின் சோபொக்ளீசின் இறுதி நாடகமும் இத்தகையதே. அவர் மறைந்த பின்னர் கி.மு. 401இல் அரங்கேறிய 'கொலோனஸில் ஈடிப்பஸ்', நகரங்கள் விரட்டிய முதியவன் தெய்வ அழைப்போடு மறைவதையும், அவன் அடங்கிய இடம் ஏதென்சுக்குக் காவலாவதையும் காட்டுகிறது. ஏற்கப்படாதவன் இறப்பின் வழியே காவலனாதல் இரு மரபுக்கும் பொது.

கூத்து இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. வடதமிழகத்தில் கர்ண மோட்சம் கோயில் திருவிழாவில் மட்டுமன்றி, இறந்தோருக்குரிய கருமாதியை ஒட்டியும் நடத்தப்பெறுகிறது. வாழ்ந்தபோது மகனென்று அழைப்பாரற்றவனின் சாவு, பிறர் வீட்டுச் சாவுக்கு ஆறுதலாக ஆடப்படுகிறது. குந்தியின் புலம்பலில் அவ்வீட்டாரின் ஒப்பாரியும் கலக்கிறது. குந்தி காலம் தாழ்த்திச் செய்த ஏற்பை ஒவ்வொரு மேடையேற்றத்திலும் ஊர் மீண்டும் செய்கிறது.

முடிவுரை

ஈடிப்பஸ், அயோன், கர்ணன் ஆகிய மூவரும் பிறப்பு மறைக்கப்பட்டவர்கள். ஈடிப்பஸின் அவலம் அறிதலில் உள்ளது. அயோன் உரிய காலத்தில் தாயால் ஏற்கப்பட்டதால் அவலத்திலிருந்து தப்பினான். கர்ணனின் அவலம் ஏற்றலின் காலத் தாழ்ச்சியில் உள்ளது. 'கண்டறிதல்' என்னும் ஒற்றைச் சொல் இம்மூன்றையும் அளக்கப் போதாது. அறிதலையும் ஏற்றலையும் பகுத்துக் காணும்போதே கர்ண மோட்சம் அவலநாடகமாக உள்ள தன்மை விளங்குகிறது. தமிழில் அவலநாடகம் உண்டா என்னும் பழைய வினாவும் அப்போது வடிவம் மாறுகிறது. தொல்காப்பியர் முதலாவதாக வைத்த இளிவை நம் நாடகங்கள் எவ்வாறு கையாண்டன என்பதே இனி வினவத்தக்கது. கூத்தின் பொன்னுருவி குலம் கேட்ட பின்னரே கணவனை ஏற்றாள் என்னும் குறையையும் அவ்வாய்வு மறைக்காமல் பேசவேண்டும். அதிரதன் மகனாகவே ஒருவன் இகழப்படாமல் வாழ இயலுமா என்னும் வினாவுக்கு மேடை இன்னும் விடை தரவில்லை.